பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு லீகல் ஒப்பீனியன்: எதைப் பார்ப்பது, எதை எழுதுவது

கேட்டவர் ஒரு இளம் வழக்கறிஞர். தனியாக அலுவலகம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. அவர் கேட்டதன் சுருக்கம்: "பழைய வண்ணாரப்பேட்டையில் 1,800 சதுர அடி மனையில் ஒரு பழைய வீடு. முன்பக்கம் இரண்டு கடை, மாடியில் ஒரு குடித்தனம். அப்பா 1971-ல் வாங்கியது. அவர் 1988-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இப்போது அம்மாவும் மூன்று மகன்களும் விற்கிறார்கள். வாரிசுச் சான்றிலும் இந்த நான்கு பேர்தான். ஒரு மகன் குவைத்தில் இருக்கிறார், தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறார். மூலப் பத்திரம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது என்கிறார்கள், ஜெராக்ஸ்தான் இருக்கிறது. 1971-ல் விற்றவருக்கு அந்த வீடு 1963-ல் எழுதிய ஓர் உயில் வழியாக வந்திருக்கிறது. வாங்குபவர் என் கட்சிக்காரர். ஒரு வாரத்தில் ஒப்பீனியன், அதாவது சொத்தின் உரிமை பற்றிய எழுத்துக் கருத்து, வேண்டும் என்று புரோக்கர் நெருக்குகிறார். விற்பவர்களுக்கும் நீங்களே பார்த்துவிடுங்கள் என்கிறார்கள். சொத்தை எப்படிப் பார்ப்பது, நான் மாட்டிக்கொள்ளாமல் எப்படி எழுதுவது? இந்தப் பக்கத்துச் சொத்துகளில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?"

தம்பி, முதலில் பத்திரக் கட்டை மூடி வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தக் குடும்பத்தின் வம்சத்தை வரையுங்கள். இறந்துபோன அப்பாவின் அம்மா, அப்பாவிலிருந்து தொடங்குங்கள். பெயர், இறந்த தேதி, பிள்ளைகள், பிள்ளைகளில் இறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். பெண் பிள்ளைகளைக் குறிப்பாகக் கேளுங்கள். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் நம் ஊரில் பல பேர் ஆண் பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். பாரிமுனைப் பக்கம் அலுவலகம் வைத்து 25 வருடத்துக்கு மேல் ஆகிறது. வடசென்னையில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை பத்திரத்தில் இருந்த தப்பால் வரவில்லை. பத்திரத்தில் வராமலே விட்டுப்போன ஆளால் வந்தவை. இங்கே வீடுகள் பதிவு அலுவலகம் வழியாகக் கைமாறியதைவிடச் சாவு வழியாகக் கைமாறியதே அதிகம்.

உங்கள் கேஸிலேயே பாருங்கள். அப்பா 1988-ல் இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது இந்தப் பையன்களின் பாட்டி, உயிரோடு இருந்தாரா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. இருந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் வரமாட்டார், தாய் வருவார். வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் என்று வைத்துக்கொண்டால் அது நான்கு பங்கு ஆகாது, ஐந்து பங்கு. பாட்டிக்கு ஐந்தில் ஒன்று.

ஒரு பேச்சுக்குப் பாட்டி 1996-ல் இறந்தார் என்று வையுங்கள். அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். முன்னாலேயே இறந்துபோன மகனின் பிள்ளைகள் அந்த மகனின் இடத்தில் நிற்பார்கள். பாட்டிக்கு இந்த மகனோடு இரண்டு பெண்களும் இருந்தால், ஐந்தில் ஒன்று மூன்றாகப் பிரியும். ஆளுக்குப் பதினைந்தில் ஒன்று. மகனுக்குரிய ஒரு பாகம் இந்த மூன்று பையன்களுக்கு வந்துவிடும், மற்ற இரண்டும் அத்தைகளுக்கு. 1,800 சதுர அடியில் பதினைந்தில் இரண்டு என்பது 240 சதுர அடி. முன்பக்கம் இருக்கும் ஒரு கடையும் அதை ஒட்டிய நடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். அதை யாரும் கேட்காமல் உங்கள் கட்சிக்காரர் முழு வீட்டுக்கும் பணம் கொடுத்துவிடுவார்.

"இத்தனை வருஷம் கேட்காதவங்க இப்போ கேக்கப்போறாங்களா?" என்று மகன்கள் சொல்வார்கள். விலை தெரிந்ததும் கேட்பார்கள், அதில் தப்பும் இல்லை, அது அவர்களுடைய பங்கு. 1996-லிருந்து காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் சுலபமாக நிற்காது. கூட்டுப் பாத்தியதையில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அத்தைகள் சேராமல் கிரையம் நடந்தால் அது நான்கு பேருடைய பங்கை மட்டும் கடத்தும். அதிலும் குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கும் குடியிருப்பு வீடு என்றால், சொத்து மாற்றுச் சட்டம் 44-ம் பிரிவு வெளியாள் உள்ளே வந்து கூட்டாகச் சுவாதீனம் கேட்பதைத் தடுக்கிறது. 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4-ம் பிரிவின்படி, அந்த வெளியாளின் பங்கைத் தாங்களே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கோர்ட்டில் கேட்கலாம். வீடு வாங்கப் போனவர் பாக வழக்கு வாங்கிக்கொண்டு வருவார்.

வாரிசுச் சான்றில் நான்கு பேர்தான் என்றீர்கள். தாசில்தார் கொடுக்கும் சான்று விசாரணையில் வந்த பெயர்களைச் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு பாகம் என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கும். பழைய சான்றுகளில் தாய் விட்டுப்போனதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அதனால் பாட்டியின் இறப்புச் சான்றை வாங்குங்கள். 1988-க்கு முன்னாலேயே அவர் இறந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஒரு வரியில் முடிந்துவிடும். பின்னால் இறந்திருந்தால் அத்தைகளையும் கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்த்து, அவர்களுக்குரிய தொகையை அவர்கள் பெயரில் டி.டி. எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தனியாக விடுதலைப் பத்திரம் போடுவதைவிட இது சுத்தம். அத்தையில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய கணவர், பிள்ளைகள் வரைக்கும் போக வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 1971-ல் அந்த வீட்டை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? ஊரில் பூர்வீக நிலத்தை விற்று வாங்கியது என்றால் கணக்கு மாறும். அப்பாவுக்கு வேறு மனைவி, வேறு பிள்ளைகள் உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும். கூச்சமாக இருக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், மூத்த மகனைத் தனியாகக் கேளுங்கள்.

அதே போல மூலப் பத்திரத்தைப் பற்றி அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனேன். மகன்கள் எல்லோரும் பத்திரம் கரையான் அரித்துவிட்டது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் நின்று, "அம்மா, பத்திரத்தைக் கடைசியா எப்போ கண்ணால பார்த்தீங்க?" என்று கேட்டேன். "பெரியவன் கல்யாணத்துக்கு ஒரு இடத்துல வெச்சோம்பா, அப்புறம் அதை மீட்டானா இல்லையான்னு எனக்குத் தெரியலை" என்றார். அந்த ஒரு பதில் எனக்குக் காவல் நிலையச் சான்றைவிடப் பெரிய உதவி. சென்னையில் பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். சொத்து மாற்றுச் சட்டம் 58-ம் பிரிவு கல்கத்தா, பம்பாயோடு மெட்ராஸையும் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. வங்கிகள் ஒப்படைப்புக் குறிப்பைப் பதிவு செய்வதால் அது வில்லங்கத்தில் தெரியும். கைமாற்றாகக் கொடுத்தவர் பதிவு செய்திருக்கமாட்டார், பத்திரம் அவருடைய பீரோவில் இருக்கும்.

அதனால் உங்கள் கேஸில் வெள்ளக் கதையை அப்படியே ஏற்கவும் வேண்டாம், பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். அந்த வெள்ளத்தில் வடசென்னையில் எத்தனையோ வீட்டில் தரைத்தளப் பீரோ மூழ்கியது உண்மை. அப்படியானால் அதே பீரோவில் இருந்த மற்றக் காகிதங்களும் போயிருக்க வேண்டும். வீட்டுவரி ரசீது, பிறப்புச் சான்று, பாங்கு பாஸ்புக் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, இந்த ஒரு பத்திரம் மட்டும் போய்விட்டது என்றால் யோசியுங்கள். புகார் எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள். விற்க முடிவு செய்த பிறகு கொடுத்த புகார் என்றால் எடை குறைவு. 1971 ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் நீங்களே மனுப் போட்டு வாங்குங்கள். அவர்கள் தரும் நகலை வைத்து முடிக்காதீர்கள். பத்திரிகையில் அறிவிப்பு உங்கள் பெயரில், உங்கள் கட்சிக்காரர் செலவில் வரட்டும். வங்கி அடமானங்களுக்கான மத்தியப் பதிவேட்டில், செர்சாய் என்பார்கள், அதிலும் தேடிவிடுங்கள்.

மூலப் பத்திரம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்றிருந்த, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. உரிமையை ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பதிவாகிவிட்டது, அதனால் உரிமை சரி என்று கட்சிக்காரர் நினைப்பதற்கு நேர் எதிரான சேதி இது. அந்த வேலை முழுக்க உங்கள் தலையில்தான் இருக்கிறது.

வில்லங்கத்துக்கு வருகிறேன். இதில் நானே பட்டிருக்கிறேன். 2001-ல் ஒரு சிறிய வீட்டுக்கு ஒப்பீனியன் கொடுத்தேன். 30 வருட வில்லங்கம் போட்டேன், ஒன்றும் இல்லை என்று வந்தது. கட்சிக்காரர் அரிசிக் கடை வைத்திருந்தவர், அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து விற்பவரின் மகள் ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தோடு வந்து நின்றார். அவருடைய அப்பாவே பதிவு செய்து கொடுத்தது. ஏன் வில்லங்கத்தில் வரவில்லை? அந்தத் தெருவில் கதவு எண் மாறியிருந்தது. நான் புதிய எண்ணையும் சர்வே எண்ணையும் கொடுத்துத் தேடியிருந்தேன். செட்டில்மென்டில் சர்வே எண்ணே எழுதவில்லை, பழைய கதவு எண் மட்டும் இருந்தது. அரிசிக் கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. நான் கொடுத்த ஒப்பீனியனை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் குடுத்தேன்" என்றார். அட்வான்ஸ் திரும்ப வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, முழுதாக வரவும் இல்லை. குறைந்ததை நான் கொடுத்தேன். அந்த வருடத்திலிருந்து சென்னை நகரச் சொத்து எதற்கும் ஒரே ஒரு விவரத்தை வைத்து நான் வில்லங்கம் போடுவதில்லை.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். பழைய கதவு எண், புதிய கதவு எண், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு எண் இருந்திருந்தால் அதுவும். தெருவின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரும், சாதிப் பெயர் எடுக்கப்பட்ட தெருக்கள் நம் பக்கம் நிறைய. பழைய பத்திரங்களில் ஓ.எஸ். (பழைய சர்வே) எண், ஆர்.எஸ். (மறு சர்வே) எண், சி.சி. (கலெக்டர் சான்று) எண் என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தெரு எந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று விசாரித்து, ஒவ்வோர் அலுவலகத்திலும் அந்தந்தக் காலத்துக்குப் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்கு நேரில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். உங்கள் கேஸில் 1963 உயில் வரைக்கும் போக வேண்டியிருப்பதால் இதைத் தவிர்க்க முடியாது. கிளார்க்கை அனுப்பினால், எந்த விவரம் கொடுத்துத் தேடினார் என்று அந்த மனுவின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தேடினாலும் வில்லங்கத்தில் வராதவை இருக்கின்றன. பதிவு செய்யாத உயில், வீட்டுக்குள் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு, அதாவது பதிவில்லாத பாகப்பிரிவினைச் சீட்டு, நிலுவையில் இருக்கும் வழக்கு. வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும், சொத்து மாற்றுச் சட்டம் 52-ம் பிரிவு. அந்த வழக்கைப் பதிவு அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் மாநிலத்தில் இல்லை. எனவே அம்மா, மூன்று மகன்கள், அத்தைகள் இருந்தால் அவர்கள், இத்தனை பேர் பெயரிலும் நகர சிவில் கோர்ட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் தேடுங்கள். இனிஷியலை முன்னால் போட்டு ஒரு முறை, பின்னால் போட்டு ஒரு முறை. மண்ணடி, ஜார்ஜ் டவுன் பக்கத்து முஸ்லிம் குடும்பச் சொத்து என்றால் ஹிபா, அதாவது தானம், வாய்மொழியாகவே செல்லும். கொடுப்பதாகச் சொல்லி, பெற்றவர் ஏற்று, சுவாதீனமும் கொடுத்திருந்தால் போதும், அதுவும் வில்லங்கத்தில் தெரியாது. குடும்பத்தில் வயதானவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

1963 உயிலுக்கு என்ன செய்வது? அந்தக் காலச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தின் அசல் வரம்பான பழைய சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு ஓர் இந்து எழுதிய உயில் என்றால் புரொபேட், அதாவது உயிலை மெய்ப்பித்துக் கோர்ட் தரும் சான்று, இல்லாமல் அதன் கீழ் உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்ட முடியாது. 1925 வாரிசுரிமைச் சட்டம், 57-ம் 213-ம் பிரிவுகள். இப்போது அதெல்லாம் கட்டாயமில்லை என்று யாராவது சொன்னால், உங்கள் உயில் எந்தக் காலத்தது என்று ஞாபகப்படுத்துங்கள். 1971 பத்திரத்தில் புரொபேட் மனுவின் ஓ.பி. எண் எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உயர் நீதிமன்றத்தில் நகல் வாங்கலாம். இல்லாவிட்டால் ஒப்பீனியனில் எழுதுங்கள், ஆனால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 1971-லிருந்து இந்தக் குடும்பம் கிரையத்துக்கு வாங்கி, வரி கட்டி, தடையில்லாமல் 50 வருடத்துக்கு மேல் அனுபவித்து வருகிறது. 1963 உயிலைவிட 1996 பாட்டி எனக்கு அதிகக் கவலை தருகிறார். எது கிரையத்தை நிறுத்த வேண்டிய குறை, எது குறித்து வைத்தால் போதும் என்கிற குறை என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் கட்சிக்காரர் நம்மிடம் வருகிறார். 20 குறைகளை ஒரே எழுத்தில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் அவருக்கு எதுவும் புரியாது.

குவைத் மகனின் பவர். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தாகி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று 30 நாளுக்கு உட்பட்டதாகப் பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள். இவை ஒரு பக்கம். நீங்களே அவரை வீடியோவில் கூப்பிட்டுப் பேசுங்கள். விலை என்ன, பணம் யார் கணக்குக்கு வர வேண்டும், தம்பி விற்பதில் சம்மதமா என்று கேட்டு, அன்றைக்கே அதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அவரிடம் "சரி" என்று பதில் வாங்குங்கள். அண்ணன் நினைத்த விலை ஒன்று, தம்பி பேசிய விலை ஒன்று என்று பின்னால் சண்டை வந்தால் வாங்கியவரும் அதில் இழுபடுவார். அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வருமான வரிப் பிடித்தமும் வேறு. விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீதம் என்ற கணக்கு உள்ளூரில் வசிக்கும் விற்பவருக்குத்தான். அவருடைய பங்குக்கு அது பொருந்தாது. பிடிக்காமல் விட்டால் வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும். ஆடிட்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை நேரில் பார்த்தீர்களா? டேப் எடுத்துக்கொண்டு போங்கள். நம் பக்கத்து வீடுகள் ஒட்டி ஒட்டி, பொதுச் சுவரும் பொது நடையுமாக இருப்பவை. 1971 செக்குபந்தியில் வடக்கே யார் வீடு, தெற்கே யார் வீடு என்று எழுதியிருப்பதை இன்றைய ஆட்களோடு ஒப்பிட வேண்டும். அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும். நில ஆவணத்தில், அதாவது நிரந்தர நிலப் பதிவேட்டில், யார் பெயர் இருக்கிறது என்று நகல் வாங்குங்கள். பல வீடுகளில் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரே இருக்கும். வீட்டுவரி, குடிநீர் வரி ரசீது துணைச் சான்றுதான், அதை வைத்து உரிமையை முடிவு செய்யாதீர்கள்.

மாடிக் குடித்தனக்காரரிடம் பேசாமல் வராதீர்கள். வடசென்னையில் லீசுக்கு விடுவது சர்வ சாதாரணம். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைப்பது. பதிவும் இருக்காது, பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாளில் ஓர் எழுத்து, சில சமயம் அதுவும் இருக்காது. கிரையம் முடிந்து சாவி வாங்கப் போகும்போது, "எனக்கு ஏழு லட்சம் தரணும், குடுத்துட்டா காலி பண்றேன்" என்பார். ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் எவ்வளவு லீஸ் பணம், எவ்வளவு அட்வான்ஸ் என்று கையெழுத்தோடு கடிதம் வாங்கி, அந்தத் தொகையைக் கிரைய விலையில் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தில் வேறு என்ன என்று கேட்டீர்கள். அடிமனை ஒருவருக்கும் மேல்கட்டுமானம் ஒருவருக்குமாக இருக்கும் வீடுகளைக் கவனியுங்கள். கோயிலுக்கோ தர்ம ஸ்தாபனத்துக்கோ தரை வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையாக இருப்பார்கள். விற்கும்போது மண்ணையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். கோயில் மனையை அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் பதிவும் நின்றுவிடும். 1921 நகரக் குடியிருப்பாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அடிமனையை விலைக்குக் கேட்கும் உரிமை உண்டு என்றாலும், சமய நிறுவன மனைகளுக்கு அது இல்லை. குடிசை மாற்று வாரிய வீடு என்றால், பெயர் இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், ஒதுக்கீட்டு ஆணை என்பது கிரையம் ஆகாது. முழுத் தவணையும் கட்டி வாரியம் கிரையப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கைமாறியதற்கு ஒப்பீனியனே கொடுக்காதீர்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைப் பாருங்கள், முகத்துவாரத்தையும் உப்பங்கழியையும் ஒட்டிய மனைகளுக்கும் அது உண்டு. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் காலி மனை என்றால் 1978 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1999-ல் அதை ரத்து செய்தாலும், அதற்குள் அரசு சுவாதீனம் எடுத்திருந்தால் நிலம் அரசுடையதுதான்.

இனி உங்கள் பாதுகாப்பு. இரண்டு பக்கத்துக்கும் நீங்களே பார்ப்பது வேண்டாம். செலவு மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பாட்டி பங்கை நீங்கள் கண்டுபிடித்த நிமிஷத்தில், அதைச் சொன்னால் விற்பவருக்கு நஷ்டம், சொல்லாவிட்டால் வாங்குபவருக்கு நஷ்டம். இரண்டு பேரிடமும் ஃபீஸ் வாங்கியவர் அப்போது யாருக்குச் சொல்வார்? நான் வாங்குபவருக்கு மட்டும்தான் என்று ஒரு பக்கத்தில் எழுதி, என்ன வேலை செய்வேன், என்ன செய்யமாட்டேன், ஃபீஸ் எவ்வளவு என்று சொல்லி கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். விற்பவர்களிடமும் இதை வாயால் சொல்லிவிடுங்கள்.

ஒப்பீனியனில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நான் எழுதும் விதம் இது: "இணைப்பில் வரிசையிட்டுள்ள ஆவணங்களை மட்டும் பார்வையிட்டேன். 1971-ம் வருடக் கிரையப் பத்திரத்தின் அசலை நான் பார்க்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் நானே பெற்ற சான்றிட்ட நகலைப் பார்த்தேன். அசல் தொலைந்தது பற்றி விற்பவர்கள் சொன்னதைத் தவிர எனக்கு நேரடியாகத் தெரியாது. இன்னாருடைய தாயார் இறந்த தேதிக்குச் சான்று வரும் வரை உரிமை முழுமையானது என்று சொல்ல இயலாது." இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் கட்சிக்காரர் பயந்துவிடுவாரே என்று தோன்றும். தோன்றட்டும். "உரிமை தெளிவாகவும் வில்லங்கமின்றியும் உள்ளது" என்று பழைய ஒப்பீனியனிலிருந்து எடுத்து ஒட்டும் வரிதான் நம்மைக் கவிழ்க்கும். வேறொரு வழக்கறிஞரின் பழைய ஒப்பீனியனை நம்பி எழுதுவதும் அப்படித்தான்.

2024 மே மாதம், வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் கவனக்குறைவுக்காக மட்டும் ஒப்பீனியன் கொடுத்தவரைக் கிரிமினல் சதி வழக்கில் சேர்க்க முடியாது என்று 2012-ல் நாராயண ராவ் வழக்கில் சொன்னது. இவை ஆறுதல்தான். ஆனால் நஷ்ட ஈட்டுக்கு சிவில் வழக்கு போடலாம், பார் கவுன்சிலில் வழக்கறிஞர் சட்டம் 35-ம் பிரிவில் புகார் கொடுக்கலாம், வங்கி பேனலில் இருந்தால் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் போகலாம். கட்சிக்காரர் வங்கிக் கடன் வாங்கினால் உங்கள் ஒப்பீனியனை வங்கியின் வழக்கறிஞரும் படிப்பார், அதையும் நினைவில் வையுங்கள்.

பதிவு நாளில் இரண்டு காரியம் செய்யாதீர்கள். பணம் உங்கள் கை வழியாகவோ கணக்கு வழியாகவோ போகக் கூடாது. ரொக்கமும் கூடாது, அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரியில் அபராதம் வரும். டி.டி. எண்கள் பத்திரத்திலேயே ஏறட்டும். அடுத்தது சாட்சி. விற்பவரை நேரில் தெரியாத நிலையில் உங்கள் கிளார்க்கையோ ஜூனியரையோ அடையாளச் சாட்சியாகப் போடாதீர்கள். ராயபுரமோ செம்பியமோ, எந்தப் பதிவு அலுவலக வாசலிலும் "ஒரு கையெழுத்துதானே சார்" என்று நின்றுகொண்டே கேட்பார்கள். ஆள்மாறாட்டம் என்று வந்தால் பதிவுச் சட்டம் 82-ம் பிரிவு உடந்தையாக இருந்தவரையும் பிடிக்கும், 7 வருடம் வரை தண்டனை. விற்பவரின் பக்கத்து வீட்டுக்காரரும் உறவினரும் சாட்சியாக வரட்டும். அத்தைகளின் பிள்ளைகளில் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

ஒரு வாரத்தில் இது முடியாது. சான்றிட்ட நகல், பழைய வில்லங்கம், கோர்ட் தேடல், பத்திரிகை அறிவிப்புக்கு ஆட்சேபம் வர விடும் நாட்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். புரோக்கரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இடம் கைவிட்டுப் போய்விடும் என்று கட்சிக்காரர் பயந்தால், சின்ன அட்வான்ஸோடு ஓர் அக்ரிமென்ட் போட்டு, உரிமை திருப்தியாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும் என்று எழுதி, பதிவும் செய்துவிடுங்கள். 2012 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் விற்பனை அக்ரிமென்டும் கட்டாயப் பதிவுதான்.

நாளைக்கே 1971 ஆவண நகலுக்கும் நிலப் பதிவேட்டு நகலுக்கும் மனுப் போட்டுவிடுங்கள். அத்தைகள் உண்டா, இருந்தால் எங்கே இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். பார்க்கப் போகும்போது மூத்த மகனை அழைத்துக்கொண்டு போங்கள், புரோக்கர் கூட வர வேண்டாம்.